வேலூரிலிருந்து டாலிகஞ்சுக்கு

கல்கத்தாவில் சொந்தக்காரர் வீடு இருந்தால், போய் இறங்கிய அன்றே ஒரு பட்டியல் கைக்கு வந்துவிடும். விக்டோரியா நினைவு மண்டபம், ஹவுரா பாலம், இந்திய அருங்காட்சியகம், காளிகாட், தட்சிணேசுவரம், பேலூர் மடம். 1999 டிசம்பரில், அரையாண்டு விடுமுறைக்கு டாலிகஞ்சில் இருந்த அக்கா வீட்டுக்குப் போன வேலூர் வரலாற்று ஆசிரியர் ஒருவருக்கும் அதே பட்டியல்தான் தரப்பட்டது. அதில் இருந்ததையெல்லாம் அவர் பார்த்தார், ரசித்தும் பார்த்தார். ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பேச உட்கார்ந்தால், பேச்சு முழுக்கப் பட்டியலில் இல்லாத சில இடங்களைச் சுற்றித்தான் இருக்கும். அவற்றில் முதலாவது, அக்கா வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தது.

அவர் பிறந்து வளர்ந்தது வேலூர் கொசப்பேட்டையில். சிறு வயது மாலைகள் கோட்டை அகழியோரம் கழிந்தன. ஜலகண்டேசுவரர் கோயிலுக்குள் 1981-இல் மீண்டும் லிங்கம் எழுந்தருளியபோது ஊரே திரண்டு நின்றதைக் கண்ணால் கண்டவர். கோட்டைக்குள் திப்பு மகால், ஐதர் மகால் என்று இரண்டு கட்டடங்கள் உண்டு. ஊர்க்காரர்கள் விருந்தாளிகளுக்கு அவற்றைக் கைகாட்டிவிட்டு நடையைக் கட்டுவார்கள். ஆசிரியரான பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 10 அன்று அவர் வகுப்பில் 1806-ஆம் ஆண்டுப் புரட்சியைச் சொல்வார். கதை எப்போதும் ஒரே வரியில் முடியும்: அதன்பின் மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கல்கத்தாவில் எங்கே, அங்கே என்ன ஆனார்கள் என்று பாடப்புத்தகம் சொன்னதில்லை, எந்தப் பிள்ளையும் எழுந்து கேட்டதுமில்லை.

அப்போதெல்லாம் சென்னை சென்ட்ரலில் காலையில் கிளம்பிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 1,660 கி.மீ. ஓடி மறுநாள் ஹவுரா சேர்ந்தது. அந்த டிசம்பரில் வண்டி கட்டாக்கைத் தாண்டும்போது பொழுது விடிந்துகொண்டிருந்தது. பெட்டியில் யாரும் அதிகம் பேசவில்லை. அக்டோபர் 29 அன்று ஒரிசாக் கடலோரத்தைத் தாக்கிய பெரும்புயலின் தடம் அப்போதும் ஜன்னலுக்கு வெளியே கிடந்தது: தலை முறிந்த தென்னைகள், வேரோடு சாய்ந்த மரங்கள், கூரை போன வீடுகள்.

ஹவுராவில் மாமா காத்திருந்தார். அக்காவின் கணவர், வங்கி வேலையில் மாற்றலாகி வந்து, கல்கத்தா பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டவர். டாக்ஸி பாலத்தில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டார். “தம்பி, இந்தப் பாலத்துல ஒரு நட்டு போல்ட் கிடையாது. அத்தனையும் ரிவெட் அடிச்சது.” 1943 பிப்ரவரி 3 அன்று திறக்கப்பட்ட பாலம் அது. மொத்தம் 26,500 டன் எஃகு, அதில் 23,000 டன் டாடா உருக்காலையிலிருந்து வந்தது. இதையெல்லாம் மாமா பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கல்கத்தாத் தமிழர்களிடம் இந்த ஊர்ப்பற்றைத் தாராளமாகப் பார்க்கலாம்.

டாலிகஞ்ச் தெற்குக் கல்கத்தாவின் பழைய புறநகர். 1770-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி வில்லியம் டாலி, தூர்ந்து கிடந்த ஆதி கங்கையைத் தம் செலவில் வெட்டி ஆழப்படுத்திப் படகுகளுக்குத் திறந்துவிட்டார். போகிற வருகிற படகுகளிடம் சுங்கம் வசூலித்துக்கொள்ளும் உரிமை அவருக்குக் கிடைத்தது. ஊருக்கும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு காலத்தில் கங்கையின் முதன்மை ஓட்டமாக இருந்ததால் அந்தக் கால்வாயை மக்கள் இன்றும் ஆதி கங்கை என்றே சொல்கிறார்கள். 1999-இல் அது கறுத்து ஒடுங்கிப்போயிருந்தது. கரையில் நின்றால் மூக்கைப் பொத்தத் தோன்றும். அந்த வட்டாரத்தில்தான் டிராம் டிப்போ, கோல்ஃப் மைதானங்கள், சினிமா ஸ்டூடியோக்கள், மெட்ரோ நிலையம் எல்லாம். இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே ஓடத் தொடங்கி, 1986-இல் டாலிகஞ்சை எட்டியிருந்தது.

அக்கா வீட்டுச் சமையலறையில் மட்டும் வேலூர் அப்படியே இருந்தது. முருங்கைக்காயும் வாழையிலையும் காபிப் பொடியும் வாங்க அக்கா டிராம் ஏறி லேக் மார்க்கெட் போய்வருவார். ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டிய அந்தப் பகுதி பல தலைமுறைகளாகத் தமிழர் பேட்டை. அலுவலக வேலைக்காக வந்தவர்கள் அங்கே வீடு பிடித்தார்கள். பின்னாலேயே இட்லிக் கடையும் பூக்கடையும் சபாவும் வந்தன. டிசம்பர் குளிரில் ஊரே குரங்குக் குல்லாவில் திரிந்தது. ஈச்சம்பதநீரில் காய்ச்சிய புது வெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு குளிர்காலத்தில்தான் கிடைக்கும் என்று மாமா தினம் ஒரு பொட்டலத்தோடு வீடு திரும்பினார்.

ஒரு காலை, அக்கா மகனுடன் பால் வாங்கப் போனபோதுதான் அவர் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தார். பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு.

“யாருடா இந்த அன்வர் ஷா?”

“தெரியாது மாமா. பஸ்ஸுல கண்டக்டர் கத்துற பேரு அது.”

பால் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அக்கா மகன் வங்காளத்தில் கேட்க, அவர் பாத்திரத்தை வைத்துவிட்டுத் தெற்கும் வடக்கும் கை நீட்டிச் சொன்னார். இந்தப் பக்கம் பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு, அந்தப் பக்கம் பிரின்ஸ் குலாம் முகமது ஷா ரோடு, பிரின்ஸ் பக்தியார் ஷா ரோடு, பிரின்ஸ் ரஹிமுதீன் லேன். எல்லாம் திப்பு சுல்தானின் வாரிசுகள். மூலையில் தெரிகிற பள்ளிவாசல் அவர்கள் கட்டியது.

பாடப்புத்தகத்தில் ஒரு வரியோடு நின்றுபோன கதை, பால் கடை வாசலில் தெருத்தெருவாக நீண்டது.

வேலூர்க்காரருக்கு அந்தக் கதையின் முன்பாதி மனப்பாடம். 1792-இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்தபோது, உடன்படிக்கைக்கு ஈடாகத் திப்பு தம் இரண்டு மகன்களைக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைத்தார். அந்தக் காட்சி, சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கும் காரன்வாலிஸ் சிலையின் பீடத்தில் புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. மாணவர்களைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அவர் அதன் முன்னால் நின்று விளக்குவார். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். குடும்பம் முழுவதும் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1806 ஜூலை 10 விடியும் முன், கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதிய தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம். நெற்றிக் குறிக்கும் காதணிக்கும் தாடிக்கும் தடை. இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவரையும் ஒருசேரப் புண்படுத்திய உத்தரவு அது. முந்தைய நாள் திப்புவின் மகள் ஒருத்தியின் திருமணம், கூட்டம் கூடுவதற்கு வாய்ப்பாக அமைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயர்கள் கொல்லப்பட்டார்கள். திப்புவின் புலி வரிக் கொடி கோட்டையில் ஏறியது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி தன் குதிரைப்படையுடன் பாய்ந்து வந்து சேர்ந்தபின், சில மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் அன்றே மாண்டார்கள். பலர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள்.

விசாரணைக் குழு இரண்டு காரணங்களைக் காட்டியது: தலைப்பாகை உத்தரவு ஒன்று, திப்புவின் குடும்பம் கோட்டைக்குள் இருந்தது மற்றொன்று. உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, சென்னை மாகாண ஆளுநர் பென்டிங்க் திருப்பி அழைக்கப்பட்டார். இளவரசர்கள் கடல் வழியே வங்காளத்துக்கு அனுப்பப்பட்டு, கல்கத்தாவுக்குத் தெற்கே சதுப்பும் காடுமாகக் கிடந்த டாலிகஞ்சில் குடியேற்றப்பட்டார்கள். மைசூர்ப் படைகளோ மைசூர் மக்களோ எட்ட முடியாத தூரம் அது.

மாமா ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கச் சொன்னார். “அதுவரைக்கும் பட்டியலை முடி. டாலிகஞ்ச் எங்கேயும் ஓடிப்போகாது.”

பட்டியல் தொடங்கியது. டிப்போவிலிருந்து எஸ்பிளனேடு வரை டிராம் பயணம். இரண்டு பெட்டிகள், முன்பெட்டியில் மின்விசிறி, கட்டணம் கொஞ்சம் கூடுதல். கண்டக்டர் தலைக்கு மேல் ஓடும் கயிற்றை இழுத்தால் டிரைவர் பக்கம் மணி அடிக்கும். ஓர் அடிக்கு நிற்கும், இரண்டு அடிக்குக் கிளம்பும். எஸ்பிளனேடை நெருங்கும்போது மைதானம் விரிந்தது, மரங்களுக்கு மேல் விக்டோரியா மண்டபத்தின் குவிமாடம் தெரிந்தது. வைஸ்ராய் கர்சன் பிரபு நினைத்து, வில்லியம் எமர்சன் வரைந்து, 1906-இல் அடிக்கல் நாட்டி, 1921-இல் திறந்த மண்டபம். தாஜ்மகாலுக்குக் கல் கொடுத்த அதே மக்ரானாவின் சலவைக்கல். கட்டி முடிப்பதற்குள் தலைநகரம் தில்லிக்குப் போய்விட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்களின் கண்ணில் படாமலிருக்க இந்த வெள்ளை மண்டபம் முழுக்கக் கறுப்புப் பூசி வைத்திருந்தார்கள் என்று மாமா சொன்னார். மக்கள் புல்வெளியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

அருங்காட்சியகத்தில் பார்ஹுத் தூபியின் செந்நிற வேலித் தூண்கள் முன்னால் அவர் நெடுநேரம் நின்றார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சிற்பிகள் ஜாதகக் கதைகளைக் கல்லில் ஒவ்வொன்றாகச் சொல்லி, கீழே பெயரும் பொறித்துவைத்திருக்கிறார்கள். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிராமி எழுத்தை அங்கே நேரில் பார்த்தார்.

ஆளுநர் மாளிகைக்குப் பக்கத்தில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் இருக்கிறது. 1787-இல் திறந்தது. அதன் வளாகத்தில் கல்கத்தாவில் கம்பெனியின் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னாக்கின் கல்லறை, எட்டுப் பட்டை வைத்த ஒரு மண்டபத்துக்குள் இருக்கிறது. அவர் மருமகன் சார்லஸ் அயர் 1690-களில் கட்டியது. நகரில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. மண்டபத்தைவிட ஆசிரியரின் கண்ணை இழுத்தது உள்ளே இருந்த கல்லறைப் பலகைதான். கருநீலம் ஓடிய அழுத்தமான கல். உற்றுப் பார்த்தால் எண்ணெய் தடவியதுபோல ஒரு பளபளப்பு. அந்தக் கல் சென்னைப் பல்லாவரத்துக் குன்றிலிருந்து போனது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து 1890-களில் இந்தப் பலகையை ஆராய்ந்து, பல்லாவரம், பரங்கிமலைப் பாறையேதான் இது என்று காட்டி, அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். அண்டார்டிகாவில் கிடைத்தாலும் ஆப்பிரிக்காவில் கிடைத்தாலும் அந்தப் பாறைக்கு இன்று அதுதான் பெயர். பரங்கிமலைப் பக்கம் தினமும் மின்சார ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்க்கும் குன்று, மூன்று நூற்றாண்டுக்கு முன்பே கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்திருக்கிறது. அவர் அந்தக் கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெளியே வெயில் அடித்தும் கல் சில்லென்று இருந்தது.

அங்கிருந்து எஸ்பிளனேடுக்கு நடை. தர்மதலா முனையில், பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவில், குவிமாடங்களும் மினாராக்களுமாகத் திப்பு சுல்தான் பள்ளிவாசல் நிற்கிறது. 1842-இல் இதைக் கட்டியவர் திப்புவின் கடைசி மகன்களில் ஒருவரான குலாம் முகமது. வாசலில் ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தமக்கு வரவேண்டிய உதவித்தொகை நிலுவையைக் கம்பெனியின் இயக்குநர் குழு 1840-இல் வழங்கியதை நினைவுகூர்ந்தும், இறைவனுக்கு நன்றியாகவும் ஆக்லண்ட் பிரபுவின் ஆட்சிக் காலத்தில் இதைக் கட்டியதாக இளவரசர் அதில் பொறித்திருக்கிறார். ஆசிரியர் அதை இரண்டு முறை படித்தார். தந்தையைக் கொன்று நாட்டைப் பறித்த கம்பெனி, மகனுக்குத் தரவேண்டிய பாக்கியைப் பல ஆண்டு இழுத்தடித்துக் கொடுத்திருக்கிறது. அந்தப் பணத்தை அவர் சொந்த மாளிகைக்குச் செலவிடவில்லை. நகரத்தின் நட்டநடுவில், கவர்னர் மாளிகையிலிருந்து கூப்பிடு தூரத்தில், அனைவரும் தொழும் இடத்தைக் கட்டி, தந்தையின் பெயரை அதன் வாசலில் எழுதிவைத்தார். 1980-களில் மெட்ரோ சுரங்கம் தோண்டியபோது இந்தக் கட்டடம் சேதமடைந்து, பின்னர் செப்பனிடப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமாவும் அக்கா மகனும் அவரும் காலையிலேயே கிளம்பினார்கள்.

முதலில், பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு முனையில் நிற்கும் டாலிகஞ்ச் பள்ளிவாசல். தர்மதலாப் பள்ளிவாசலின் உடன்பிறப்பு. அதே குலாம் முகமது, அதே காலத்தில், அதே அமைப்பில் கட்டியது. தர்மதலாவில் கூட்டத்தின் நெருக்கடியில் முழுதாகக் கண்ணுக்குச் சிக்காத கட்டடம் இங்கே கொஞ்சம் மூச்சுவிட்டு நிற்கிறது. வயதான ஒருவர் அவர்கள் வேலூரிலிருந்து வருவதைக் கேட்டதும் எழுந்து வந்தார். வேலூர் என்றால் அவருக்கு முதலில் தெரிந்தது மருத்துவமனை. அங்கே சிகிச்சைக்கு வந்து போயிருக்கிறார். வங்காளத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வேலூருக்கு ரயிலேறுகிறார்கள். வேலூர் காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் பலகை தொங்காத கடை குறைவு. கோட்டையையும் பார்த்தீர்களா என்று ஆசிரியர் கேட்டார். “பார்த்தேன், பாதுஷாவின் குடும்பம் இருந்த இடம்” என்று அவர் இந்தியில் சொன்னார்.

குலாம் முகமது பிறந்தது 1795-இல். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது நான்கு வயது. வேலூரில் துப்பாக்கி வெடித்த விடியலில் பதினொரு வயது. அதாவது, ஆசிரியர் வருடாவருடம் வேலூர்ப் புரட்சியைச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளின் வயது. அதன்பின் அறுபத்தைந்து ஆண்டுக்கு மேல் அவர் வாழ்ந்தது கல்கத்தாவில். பாரசீகமும் ஆங்கிலமும் அறிந்தவர், லண்டன் போய்வந்தார், தாத்தா ஐதரையும் தந்தை திப்புவையும் பற்றி வெளிவந்த வரலாற்று நூலொன்றை 1855-இல் திருத்திப் பதிப்பித்தார், ஆங்கிலேய அரசின் பட்டமும் பெற்றார். 1872-இல் இறந்தார். அவர் ஏற்படுத்திய அறக்கட்டளையின் பராமரிப்பில்தான் இந்த இரு பள்ளிவாசல்களும் நிற்கின்றன.

அங்கிருந்து மெட்ரோ நிலையத்துக்கு எதிரே உள்ள டாலிகஞ்ச் கிளப்பின் மதிலை ஒட்டி நடந்தார்கள். 1895-இல் தொடங்கிய கிளப், உள்ளே சுமார் நூறு ஏக்கர் பச்சை. அதன் நடுவில் நிற்கும் பழைய மாளிகை 18-ஆம் நூற்றாண்டுடையது. கிளப்புக்கு வருவதற்கு முன்னால் மைசூர்க் குடும்பத்தின் வசம் இருந்தது. உறுப்பினர் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்பதால் வாசலோடு பார்த்துவிட்டு மெட்ரோ ஏறினார்கள்.

காளிகாட் நிலையத்தில் இறங்கி, கூட்டம் முழுவதும் கோயிலை நோக்கிப் போக, அவர்கள் சதீஷ் முகர்ஜி சாலைப் பக்கம் திரும்பினார்கள். மாடி வீடுகளுக்கு நடுவே ஒரு மதில், ஒரு வாசல். உள்ளே ஷாஹி கோரிஸ்தான், மைசூர்க் குடும்பத்தின் இடுகாடு. குலாம் முகமதுவும் குடும்பத்தவர் பலரும் அங்கே அடக்கம். சில கல்லறைகள் மேடை வைத்துக் கட்டியவை. சில வெறும் காரைத் திட்டுகள், எழுத்து தேய்ந்துபோனவை. மதிலுக்கு அப்பால் மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

ஆசிரியர் மெதுவாக வரிசைவரிசையாக நடந்தார். வேலூரில், கோட்டையிலிருந்து சற்றுத் தூரத்தில், இதேபோல் மதில் சூழ்ந்த ஓர் இடம் இருக்கிறது. 1806-இல் இறந்த ஐதரின் மனைவி பக்‌ஷி பேகமும், 1834-இல் இறந்த திப்புவின் மனைவி பாதுஷா பேகமும் அங்கே உறங்குகிறார்கள். மகன்கள் வங்காளம் போனபின் இருபத்தெட்டு ஆண்டுகள் பாதுஷா பேகம் வேலூரில் இருந்திருக்கிறார். கணவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், மனைவி வேலூரில், பிள்ளைகள் காளிகாட்டில்: ஒரே குடும்பத்தின் கல்லறைகள் மூன்று ஊர்களில். வேலூரில் இருக்கும்போது ஒன்றைத்தான் அவர் அறிந்திருந்தார். மூன்றையும் சேர்த்து நினைத்தபோது அவருக்குத் தொண்டை அடைத்தது என்று பிற்பாடு மாமா அக்காவிடம் சொன்னார்.

அதோடு முடியவில்லை. மாமா இன்னொரு இடம் வைத்திருந்தார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஆதி கங்கைக் கரையில், கியோராதலா சுடுகாடு. பக்கத்தில் மைசூர்த் தோட்டம் என்று அழைக்கப்படும் இடத்தில், வங்காளத்தில் யாரும் எதிர்பாராத வகையில், தென்னிந்தியக் கோபுர அமைப்பில் ஒரு நினைவாலயம். 1894 டிசம்பர் 28 அன்று கல்கத்தாவுக்கு வந்த இடத்தில் நோயுற்று இறந்த மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையாரின் நினைவாக எழுந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்றுதான். விவேகானந்தர் சிகாகோ போவதற்குத் துணைநின்ற அரசர் அவர்.

1799-இல் திப்புவை வீழ்த்திய கம்பெனி, மைசூர்ச் சிம்மாசனத்தில் உடையார் வம்சத்துச் சிறுவனை அமர்த்தியது. 1831-இல் நிர்வாகத்தைத் தானே எடுத்துக்கொண்டது. 1881-இல்தான் பிரிட்டிஷ் அரசு அதைச் சாமராஜேந்திரரிடம் திருப்பித் தந்தது. ஒரு சிம்மாசனத்தை இழந்தவர்களும் அதைப் பெற்றவரும், மைசூரிலிருந்து இவ்வளவு தொலைவில், நடந்து போகும் தூரத்தில் ஓய்வு கொண்டிருக்கிறார்கள். இதை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் அந்த ஆசிரியர் அதற்குமுன் படித்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா மகன் கேள்வி மேல் கேள்வி கேட்டான். ஏன் கல்கத்தா? ஏன் இவ்வளவு தூரம்? ஆசிரியர் டிராமில் உட்கார்ந்தபடியே அவனுக்கு ஒரு வரைபடம் சொன்னார். ஆங்கிலேயர்கள் தாங்கள் தோற்கடித்த அரசர்களை அவர்களுடைய மண்ணில் விட்டுவைக்க மாட்டார்கள். திப்புவின் மக்களை வேலூரிலிருந்து டாலிகஞ்சுக்கு அனுப்பினார்கள். காலியான வேலூருக்கு, 1815-இல் பிடிபட்ட கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனைக் கடல் கடத்திக் கொண்டுவந்தார்கள். நாயக்க வம்சத்தைச் சேர்ந்த, தமிழ் பேசிய அந்த மன்னன் 1832-இல் வேலூரிலேயே இறந்தான், பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்து மண்டபம் இருக்கிறது. 1856-இல் அயோத்தியை இழந்த நவாப் வாஜித் அலி ஷா, கல்கத்தாவின் மற்றொரு மூலையான மெட்டியாபுருஸுக்கு வந்து சேர்ந்தார். 1858-இல் தில்லியின் கடைசி முகலாயர் பகதூர் ஷா ரங்கூனுக்கு. பின்னர் பர்மாவின் கடைசி மன்னர் தீபா ரத்னகிரிக்கு. கண்டியிலிருந்து மாண்டலே வரை ஒரே கணக்கு.

பையன் யோசித்துவிட்டுச் சொன்னான்: “அப்போ நம்ம வேலூரும் டாலிகஞ்சும் ஒரே மாதிரி ஊர், மாமா.”

டாலிகஞ்சுக்குத் தமிழோடு வேறு உறவும் உண்டு என்று மாமா சேர்த்துக்கொண்டார், சினிமா உறவு. பேசும்படம் வந்த புதிதில் சென்னையில் ஸ்டூடியோ கிடையாது; தமிழ்ப் படக் குழுக்கள் மூட்டை முடிச்சோடு கல்கத்தாவுக்கு ரயிலேறும். 1933-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து ‘வள்ளி திருமணம்’ எடுத்தார். தியாகராஜ பாகவதர் நடித்து 1937-இல் ஓடோ ஓடென்று ஓடிய ‘அம்பிகாபதி’யும் கல்கத்தாவில் படமானதுதான். இன்றும் வங்காளப் படவுலகின் தலைவாசல் டாலிகஞ்ச்.

அடுத்த ஜூலை 10 அன்று வேலூர் வகுப்பறையில் பாடம் வழக்கமான வரியோடு நிற்கவில்லை. கரும்பலகையில் வேலூரையும் கல்கத்தாவையும் குறித்து, பதினொரு வயதுப் பையன் ஒருவன் அகழி சூழ்ந்த கோட்டையிலிருந்து புறப்பட்டு எங்கே போனான், என்ன கட்டினான், எங்கே அடக்கமானான் என்று அவர் சொன்னார். முதல் முறையாகப் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். பிறகு பேகம்களின் கல்லறைகளுக்கு அவர்களை அழைத்துப் போனார். உள்ளூர்ப் பிள்ளைகளில் பலர் அந்த வாசலை அன்றுதான் முதன்முதலாகத் தாண்டினார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு ஊர்களிலும் பலவும் மாறிவிட்டன. 2006-இல் வேலூர்ப் புரட்சியின் 200-ஆம் ஆண்டுக்கு அஞ்சல் தலை வந்தது. 2009-இல் மெட்ரோ டாலிகஞ்சைத் தாண்டிக் காரியா பக்கம் நீண்டது. அதைத் தாங்கும் தூண்கள் ஆதி கங்கையின் நீரோட்டத்திலேயே வரிசையாக ஊன்றப்பட்டன. டாலிகஞ்ச் நிலையத்துக்கு நடிகர் உத்தம் குமாரின் நினைவாக மகாநாயக் உத்தம் குமார் என்று பெயர். எஸ்பிளனேடு, மைதானம் பகுதியில் ஒரு தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற டிராம்களை நிறுத்திவிடப் போவதாக மேற்கு வங்க அரசு 2024-இல் அறிவித்தது. விக்டோரியா மண்டபத்துக்கு எந்தக் குறையும் வராது. அதைப் பார்த்துக்கொள்ள அரசு இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. எழுத்து தேய்ந்த கல்லறைகளுக்கு, தேடி வருகிறவர்களே பாதுகாப்பு. நாலு பேர் வந்து கேட்டால்தான் ஒரு பலகையாவது வைப்பார்கள்.

கொல்கத்தாவில் உறவினர் இருக்கும் தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலில் உள்ளதையெல்லாம் பாருங்கள். அரை நாளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். மகாநாயக் உத்தம் குமார் நிலையத்தில் இறங்கி டாலிகஞ்ச் பள்ளிவாசல், பிறகு காளிகாட் நிலையத்தில் இறங்கி ஷாஹி கோரிஸ்தானும் மைசூர்த் தோட்டமும், எஸ்பிளனேடில் தர்மதலாப் பள்ளிவாசல்: நான்கும் ஒரே மெட்ரோ பாதையை ஒட்டி இருக்கின்றன. வேலூர்க் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: திப்பு மகாலைக் கைகாட்டும்போது டாலிகஞ்ச் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், கோட்டைக்கு வெளியே இருக்கும் பேகம்களின் கல்லறைகளுக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.